வாசகர் கேள்வி – பதில்: மெட்டு ஊருடையது, சொல் யாருடையது?

போன மாதம் ஒரு பதிலின் நடுவில் ரொபேர்ட் பேர்ன்ஸ் என்ற ஸ்கொட்லாந்துக் கவிஞரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். எடின்பரோவில் ஜோர்ஜ் தொம்சன் என்பவர் பழைய நாட்டு மெட்டுகளைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டார், பேர்ன்ஸ் அந்த மெட்டுகளுக்குச் சொல் எழுதிக் கொடுத்தார், 1792 முதல் 1796 வரை கடிதத்திலேயே எல்லாம் நடந்தது, இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் கண்டதே இல்லை என்று மாத்திரம் சொன்னேன். அதற்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாக் கேள்விகளையும் தள்ளிவிட்டன. அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான்.

கேள்வி: டிசம்பர் 31 ஆம் திகதி இரவு 12 மணிக்கு காலி முகத்திடல் பக்கத்து ஹோட்டல்களில் கைகோத்துப் பாடுகிறார்களே, அந்த ஆங்கிலப் பாட்டு இந்தப் பேர்ன்ஸ் எழுதினதுதானா? (ஒரு வாசகர், வெள்ளவத்தை)

ஆம், ‘ஓல்ட் லாங் சைன்’. ஆனால் அது ஆங்கிலப் பாட்டு இல்லை, ஸ்கொட்லாந்து மக்களின் பேச்சுமொழியில் உள்ளது. எழுதினதும் அவர் மாத்திரம் இல்லை. 1793 செப்டெம்பரில் தொம்சனுக்கு அதை அனுப்பும்போது, இது பழைய காலத்துப் பாட்டு, எங்கும் அச்சில் வரவில்லை, ஒரு கிழவர் பாட நான் எழுதி எடுத்தேன் என்றுதான் பேர்ன்ஸ் சொன்னார். அதில் கிழவருடையது எவ்வளவு, பேர்ன்ஸ் சேர்த்தது எவ்வளவு என்று இன்றுவரை ஆட்கள் வாதாடுகிறார்கள். அவர் இறந்தபின் 1799 இல் தொம்சன் அதைத் தன் தொகுப்பில் வேறொரு மெட்டில் போட்டார். நீங்கள் ஹோட்டலில் கேட்பது அந்த மெட்டு.

கேள்வி: ஐயா, எங்கள் அம்மாயி அப்கொட் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அவர் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, மலையில் பாடும் பாட்டு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்தேன். அவருக்கு நினைவில் வராத இடங்களில் நானே அடிகள் கட்டிச் சேர்த்திருக்கிறேன், நானும் கவிதை எழுதுகிறவள்தான். ஒரு வெளியீட்டாளர் கேட்டார், அனுப்பினேன். இப்போது ஒரு வருடமாக மின்னஞ்சலில் திருத்தம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ‘தொரை’யைத் ‘துரை’ ஆக்கச் சொல்கிறார், ‘பெரட்டு’ என்றால் யாருக்கும் விளங்காது எடுத்துவிடு என்கிறார். காசு பற்றிக் கேட்டால், பேர்ன்ஸ் கூட ஒரு சதம் வாங்காமல்தான் எழுதினார், இது சேவை என்கிறார். உண்மையா? நான் என்ன செய்ய? (ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை)

தங்கச்சி, உங்கள் வெளியீட்டாளர் சொன்னது பாதி உண்மை. மிச்சப் பாதியை நான் சொல்கிறேன், அதைத் தெரிந்துகொண்டு அவருக்குப் பதில் எழுதுங்கள்.

1792 செப்டெம்பரில் தொம்சன் முதல் கடிதம் போட்டார். நியாயமான விலை எதுவென்றாலும் தருகிறோம் என்றே எழுதினார், அதை மறைக்கக் கூடாது. பேர்ன்ஸ் அந்த மாதம் 16 ஆம் திகதியே பதில் போட்டார். என் பாட்டுகளை நீங்கள் விலைக்கு மேலே என்றோ விலைக்குக் கீழே என்றோ வைத்துக்கொள்ளலாம், இரண்டில் ஒன்றாகத்தான் அவை இருக்கும், இந்த வேலையில் கூலி, சம்பளம் என்று பேசுவது ஆன்மாவை விற்பது போல என்று எழுதினார். இது உண்மை. ஆனால் அதே கடிதத்தில் அவர் போட்ட நிபந்தனைகள் இருக்கின்றனவே, அவற்றை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. என்னை அவசரப்படுத்தக் கூடாது, அது ஒன்று. உங்களுக்கு ஆங்கிலத்தில்தான் பாட்டு வேண்டுமென்றால் என் பக்கத்தில் இத்தோடு கதை முடிந்தது, எங்கள் தாய்மொழி கொஞ்சமாவது தூவப்பட்டிருக்க வேண்டும், அது மற்றது. காசை விட்டவர் மொழியை விடவில்லை. உங்களிடம் கேட்கப்படுவது இரண்டையும் விடச் சொல்லி.

தொம்சன் கெட்டவர் இல்லை. எடின்பரோவில் ஒரு சபையில் லிகிதராக இருந்தவர், இசையில் உண்மையான பைத்தியம், சொந்தக் காசைப் போட்டார். ஆனால் அவருக்கு வீட்டு முன்னறையில் பியானோ வாசிக்கும் கனவான் குடும்பங்களுக்கு ஏற்றதாகப் பாட்டு இருக்க வேண்டும். அதனால் கரடுமுரடான இடத்தைக் கண்டால் கை சும்மா இராது. 1793 இல் பேர்ன்ஸ் ஒரு போர்ப் பாட்டு அனுப்பினார், ‘ஸ்கொட்ஸ் வா ஹே’ என்று அதன் முதல் சொற்களால் இன்றும் அழைக்கிறார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய மெட்டு அது, அந்த மெட்டை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு அடியும் கட்டப்பட்டது. தொம்சனும் அவருடைய நண்பர்களும் கூடி, இந்த மெட்டு தரம் குறைந்தது, வேறொரு மெட்டுக்கு மாற்றுவோம், அதற்காக ஒவ்வொரு கண்ணியிலும் கடைசி அடியைக் கொஞ்சம் நீட்டித் தாருங்கள் என்றார்கள். பேர்ன்ஸ் மனமில்லாமல் நீட்டிக் கொடுத்தார். பிறகு இன்னும் சொல் மாற்றச் சொன்னபோது, இதற்கு மேல் முடியாது, இது எனக்குப் பிடித்திருக்கிறது, மாற்ற மாட்டேன் என்று எழுதிவிட்டார். அவர் இறந்தபின் 1799 இல் தொம்சன் அந்த நீட்டின வடிவத்தைத்தான் அச்சிட்டார். மறு வருடம் கடிதங்கள் வெளியில் வந்து, முதலில் எழுதியது எது என்று வாசகர்கள் கண்டுகொண்டார்கள். எல்லாரும் அதையே விரும்ப, தொம்சனும் பின்னால் வந்த பதிப்பில் பழைய மெட்டுக்கே திரும்பினார். நீட்டின வடிவம் இன்று யாருக்கும் தெரியாது.

இதில் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. 1793 ஏப்ரலில் அதே தொம்சனுக்கு பேர்ன்ஸ் எழுதியிருக்கிறார்: இறந்துபோன, இனி வாய் திறந்து பதில் சொல்ல முடியாத ஒரு ஏழைக் கவிஞனின் பாட்டைச் சிதைப்பது தெய்வத்துக்கே அடுக்காது என்று. மெட்டைப் பற்றியும் அந்த நாட்களில் எழுதினார், எங்கள் பழைய மெட்டுகளில் ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது, அவை புது இலக்கணத்துக்கு அடங்காமல் காட்டுத்தனமாகத்தான் இருக்கும், அந்த அடங்காமையில்தான் அவற்றின் வலிமை இருக்கக்கூடும் என்று. இந்த இரண்டு கடிதங்களையும் வாங்கி வாசித்த மனிதர்தான், மூன்று வருடத்தில் பேர்ன்ஸ் வாய் மூடியதும், பேனையைக் கையில் எடுத்தார்.

சரி, பெரட்டுக்கு வருவோம். விடியற்காலையில் தோட்டத்தில் ஆட்கள் பெயர் கொடுக்க நிற்கும் இடம் அது, உங்கள் அம்மாயி வாழ்நாள் முழுக்க நின்ற இடம். பாட்டில் அது இருக்கிற இடத்தில் வேறு சொல் வைத்தால் தாளமும் இடறும், ஆளும் மறைந்துபோவார். கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு விளங்காது என்றால் பக்கத்தின் அடியில் ஒரு வரி விளக்கம் போடச் சொல்லுங்கள். வெளியீட்டாளருக்கு ஆகும் செலவு ஒரு வரி மை.

அடுத்தது கொப்பி. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாயி பாடினதை ஒரு நிற மையிலும் நீங்கள் சேர்த்ததை வேறு நிறத்திலும் எழுதி வையுங்கள், யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்றும் ஓரத்தில் எழுதுங்கள். தொம்சனுக்கு முன்பே பேர்ன்ஸ் ஜேம்ஸ் ஜோன்சன் என்ற இன்னொரு எடின்பரோக்காரருக்குப் பாட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜோன்சன் படித்த கனவான் இல்லை, உலோகத் தகட்டில் இசைக்குறி செதுக்கும் தொழிலாளி. 1787 முதல் 1803 வரை ஆறு தொகுதி, 600 பாட்டு. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேர்ன்ஸ் எழுதியதோ திருத்தியதோ. ஜோன்சனின் புத்தகத்தில் பாட்டுகளுக்குக் கீழே எழுத்துக் குறிகள் உண்டு: சில குறிகள் பேர்ன்ஸ் சொந்தமாக எழுதியது என்று காட்டும், ‘இசட்’ என்ற குறி பழைய பாட்டு, திருத்தமோ சேர்க்கையோ உண்டு என்று காட்டும். அந்தக் குறி எல்லா இடத்திலும் சரியாக விழவில்லை, ஆனாலும் அது இருப்பதால்தான் இன்று ஆராய்கிறவர்களுக்குப் பிடித்து ஏற ஒரு கயிறாவது கிடைத்தது. காகிதம் மட்டம், அச்சு மட்டம் என்றாலும், கொடுத்ததைக் கொடுத்தபடி போட்ட ஜோன்சனைத்தான் நான் தொம்சனுக்கு மேலே வைப்பேன். நாட்டார் பாட்டுக்கு அப்படிப்பட்ட பதிப்பாளர்தான் வேண்டும்.

பிரதி வைத்துக்கொள்ளாமல் எதையும் அனுப்பாதீர்கள். கடைசி மாதங்களில் பேர்ன்ஸ் தொம்சனிடம், உங்களுக்கு அனுப்பிய பாட்டுகளுக்கு என்னிடம் பிரதியே இல்லை, எல்லாவற்றையும் ஒருமுறை திருத்திப் பார்க்க ஆசையாக இருக்கிறது, மூலத்தையோ பிரதியையோ அனுப்புங்கள் என்று கேட்டார். சுமாரான பத்துப் பாட்டுக்குச் சொந்தக்காரனாக இருப்பதைவிட நன்றாக எழுதின ஐந்துக்கு இருப்பேன் என்றும் சேர்த்தார். அந்தத் திருத்தம் நடக்கவே இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் தொம்சன் கையில் இருந்தன, ஆனால் பேர்ன்ஸ் உயிரோடு இருந்து கண்டது 1793 இல் வந்த முதல் 25 பாட்டுப் பகுதியை மாத்திரம், அதிலும் அவருடையது கொஞ்சம்தான்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எங்கள் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நீங்கள் கட்டிய அடிகளுக்கு உரிமை எழுதின கணமே உங்களுடையது, பதிவு செய்யத் தேவையில்லை, உங்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும் அது நிற்கும். எழுத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால்தான் அது கைமாறும், ஆகவே எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம். உங்கள் பெயரைப் போடச் சொல்லவும், சிதைத்தால் மறுக்கவும் தனி உரிமை உண்டு. அம்மாயி பாடின பழைய அடிகள் ஊரின் சொத்து, அவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது பற்றியும் அதே சட்டத்தில் நாட்டார் கலைகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு சட்டத்தரணியிடம் ஒரு முறை காட்டிக்கொள்ளுங்கள்.

காசு வாங்கலாமா? வாங்குங்கள். நூறு பிரதி தந்தால் அதுவும் காசுதான். பேர்ன்ஸுக்கு மதுவரி உத்தியோகம் இருந்தது, வருடத்துக்குச் சுமார் 70 பவுண் சம்பளம், அதனால் மறுக்க முடிந்தது. அப்புறம், அச்சுக்குப் போகுமுன் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலையகப் பாடல்களை ஒருமுறை பாருங்கள், அம்மாயிக்கு மறந்துபோன அடி வேறொரு தோட்டத்து வாயில் அங்கே கிடைக்கலாம். கிடைத்தால் உங்கள் அடியை எடுத்துவிட்டு அதைப் போடவும் யோசியுங்கள்.

கேள்வி: அப்படியானால் பேர்ன்ஸ் ஏமாளி, தொம்சன் ஏமாற்றுக்காரர் என்று எடுத்துக்கொள்ளலாமா? (ஒரு வாசகர், தெகிவளை)

வேண்டாம். 1793 இல் முதல் பகுதி வந்ததும் தொம்சன் கேட்காமலே ஐந்து பவுண் அனுப்பினார். அது பேர்ன்ஸுக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். பேர்ன்ஸ் புண்பட்டுப்போனார். திருப்பி அனுப்பினால் பகட்டாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டார், ஆனால் இன்னொரு தரம் இந்தக் கொடுக்கல் வாங்கல் பேச்சு எடுத்தால் அந்த நிமிடத்தோடு நீங்கள் யாரோ நான் யாரோ என்று எழுதினார். அதற்குப் பிறகு ஒரு லிகிதர் என்ன செய்வார்?

பிறகு 1796 ஜூலை 12. நோயில் கிடந்து கடல் தண்ணீரில் குளித்தால் சுகமாகும் என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டு பிரௌ என்ற கரையோரக் கிராமத்துக்குப் போயிருந்தார் பேர்ன்ஸ். துணிக்கடைக்காரர் ஒருவர், இவர் சாகப்போகிறார் என்று நினைத்துக் கடனுக்கு வழக்குப் போட்டுவிட்டார், சிறைக்குப் போகும் பயம் பிடித்துவிட்டது. அன்றைக்கு தொம்சனுக்கு எழுதின கடிதம், நான் அவ்வளவு பெருமை பேசின பிறகும் கேட்கவேண்டி வந்துவிட்டது, தயவுசெய்து ஐந்து பவுண் அனுப்புங்கள், அதுவும் உடனே என்று தொடங்கும். சும்மா கேட்கவில்லை, சுகமானதும் அந்தப் பெறுமதிக்குப் பாட்டு எழுதித் தருகிறேன் என்கிறார், ஒரு பாட்டையும் அதோடு வைத்து அனுப்புகிறார். தொம்சன் 14 ஆம் திகதி காசை அனுப்பினார். 21 ஆம் திகதி டம்ஃப்ரீஸ் ஊரில் பேர்ன்ஸ் இறந்தார், வயது 37.

பல வருடம் தொம்சனைக் கஞ்சன் என்று பத்திரிகைகளில் திட்டினார்கள், அவரும் 1851 வரை, 90 வயது தாண்டி வாழ்ந்து, பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். காசு விஷயத்தில் நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் கடிதங்களை பேர்ன்ஸின் மனைவி பிள்ளைகளுக்காக வெளியிட்ட பதிப்புக்குக் கொடுத்ததும் அவர்தான். என் கோபம் அவருடைய கையில் இருந்த திருத்தப் பேனையோடு மாத்திரம். தன் சொந்தக் கடிதங்களைக் கூட அச்சுக்குக் கொடுக்குமுன் அவர் சும்மா விடவில்லை.

கேள்வி: மெட்டுக்குச் சொல் எழுதுவது இரண்டாந்தரக் கவிதை என்று எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சொல்கிறார். ஒத்துக்கொள்கிறீர்களா? (ஒரு மாணவர், பம்பலப்பிட்டி)

ஒத்துக்கொள்ளவில்லை, தம்பி. பாரதி நொண்டிச் சிந்துக்கும் காவடிச் சிந்துக்கும் எழுதினாரே, அதில் எதை இரண்டாந்தரம் என்பீர்கள்?

பேர்ன்ஸ் எப்படி எழுதினார் என்பதை 1793 செப்டெம்பரில் அவரே தொம்சனுக்கு விளக்கியிருக்கிறார். ஒரு மெட்டை என் வாயால் பாடி முழுக்க என் வசம் ஆக்கும்வரை அதற்கு என்னால் சொல் எழுத முடியாது என்கிறார். மெட்டில் என்ன உணர்வு இருக்கிறது என்று முதலில் பார்ப்பாராம், பிறகு அதற்குப் பொருந்தும் பொருளைத் தேடுவாராம், பிறகு ஒரு கண்ணி. அந்த முதல் கண்ணிதான் கஷ்டம். அது வந்துவிட்டால் வெளியில் நடப்பார், இடையிடையே உட்காருவார், சுற்றியுள்ள வயல், மரம், தண்ணீர் எல்லாவற்றிலும் தன் நினைப்புக்கு இசைவானது எது என்று பார்ப்பார், மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். மனம் களைக்கத் தொடங்கினால் வீட்டுக்கு வந்து நெருப்போரம் கதிரையில் உட்கார்ந்து, அதன் பின்காலில் ஆடி ஆடித் தாளில் எழுதுவார். பகலெல்லாம் அலைந்து சாராயப் பீப்பாய்களைக் கணக்கெடுத்த ஆள் இதைச் செய்தார் என்பதையும் விரிவுரையாளருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்தத் தொகுப்புக்கு பீத்தோவன் இசை அமைத்தாரா? நம்ப முடியவில்லையே. (ஒரு வாசகி, வத்தளை)

அமைத்தார். பீத்தோவன், ஹெய்டன், பிளேயெல், கோசலுக் எல்லாருக்கும் தொம்சன் எழுதிக் காசு கொடுத்துப் பியானோ, வயலின், செலோ துணையிசை எழுதுவித்தார். பீத்தோவன் ஒரு மெட்டுக்கு இத்தனை தங்கக்காசு என்று பேரம் பேசித்தான் எழுதினார். தொம்சன் பெரும்பாலும் சொல் இல்லாமல் மெட்டை மாத்திரம் அனுப்பினார், பாட்டின் சொற்களை அனுப்புங்கள் என்று பீத்தோவன் திரும்பத் திரும்பக் கேட்டார். வந்த இசையை எடின்பரோப் பெண்பிள்ளைகளால் வாசிக்க முடியவில்லை, எளிதாக்கித் தாருங்கள் என்று தொம்சன் கேட்க, பீத்தோவனுக்குக் கோபம் வந்தது. நல்ல இசைதான், கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்தப் பாட்டுகள் ஒரு தனிக் குரலில், துணையிசை இல்லாமல் இன்னும் பிடிக்கும்.

கேள்வி: அந்தக் கடிதங்களை எங்கே வாசிக்கலாம்? தமிழில் உண்டா? (ஒரு வாசகர், கொள்ளுப்பிட்டி)

ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 1800 இல் ஜேம்ஸ் கரி என்ற வைத்தியர் பதிப்பித்த நாலு தொகுதியில் கடைசித் தொகுதியைத் தேடுங்கள். கரியும் சில கடுமையான சொற்களை மென்மையாக்கினவர், ஆகவே முடிந்தால் 20 ஆம் நூற்றாண்டில் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துச் செய்த பதிப்போடு ஒப்பிட்டு வாசியுங்கள். தமிழில் முழுக்க வந்ததாக நான் காணவில்லை, யாராவது செய்தால் முதல் பிரதி நான் வாங்குவேன்.

அடுத்த மாதத்துக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பாட்டி, அம்மாச்சி, அப்பாயி யாராவது பாடின பாட்டு நினைவில் இருந்தால் அனுப்புங்கள், மலையகம் என்றில்லை, மட்டக்களப்பு, மன்னார், வன்னி, புத்தளம் எதுவென்றாலும் சரி. எழுத்தைத் திருத்தாமல் வாயில் வந்தபடி எழுதுங்கள், எந்த ஊர் என்றும் என்ன வேலை செய்யும்போது பாடினது என்றும் சேர்த்து எழுதுங்கள். மெட்டு தெரிந்தால் தொலைபேசியில் பாடிப் பதிந்து அனுப்பினாலும் போதும்.